ஹால், சப்ளையர், கே.ஓ.டி, கல்லா: வடசென்னை ஓட்டல்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், பெரம்பூர், மண்ணடிப் பக்கம் 10 முதல் 20 டேபிள் வரை போட்டு நடத்தும் ஓட்டல்களுக்காக எழுதியது இது. பிரியாணிக் கடை, மீன் சாப்பாட்டுக் கடை, டிபன் கடை, இரவு பரோட்டாக் கடை எதுவானாலும் சரி, சமையலைப் பற்றி இங்கே பேச்சில்லை. வாடிக்கையாளர் வந்து உட்கார்ந்ததிலிருந்து பில் கட்டி எழுந்து போகும்வரை ஹாலில் நடப்பது மட்டும்தான். பல பதில்களுக்கும் அடியில் ஒரே விஷயம் இருக்கும்: ஒரு தகவல் ஒரே வழியில்தான் போக வேண்டும், அதற்கு ஒரே ஆள் பொறுப்பேற்க வேண்டும். அது நடக்காத கடையில் எந்த மெஷினை வாங்கி வைத்தாலும் குழப்பம் கூடத்தான் செய்யும்.

12 டேபிள் கடைக்கு ஹாலில் எத்தனை பேர் வேண்டும்?

நாலு பேர் உட்காரும் டேபிளாக 12 இருந்தால், வார நாள் மதியத்துக்கு மூன்று சப்ளையர், அவர்களை மேற்பார்க்கும் ஒரு கேப்டன், டேபிள் துடைக்க இரண்டு பேர், பார்சலுக்கு ஒருவர், கல்லாவில் ஒருவர். ஞாயிறு மதியத்துக்கு சப்ளையரை நாலாகவும் பார்சலை இரண்டாகவும் ஆக்க வேண்டும். ஐட்டம் குறைவாக உள்ள பிரியாணிக் கடையில் ஒரு சப்ளையர் ஐந்தாறு டேபிள் பார்ப்பார். தோசை, மீன் வறுவல் என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக வந்து சேரும் கடையில் நாலுக்கு மேல் கொடுத்தால் தடுமாறுவார்.

சப்ளையர் போதவில்லை என்று சொல்லும் பல கடைகளில் உண்மையில் போதாதது துடைக்கும் ஆள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஞாயிறு 12 முதல் 3 மணி வரை 180 நிமிடம். ஒரு டேபிள் 30 நிமிடத்தில் சாப்பிட்டு எழுந்து, உடனே துடைத்து அடுத்தவர் உட்கார்ந்தால் ஆறு சுற்று ஓடும். எச்சில் இலையோடு டேபிள் ஐந்து நிமிடம் கிடந்தால் ஐந்து சுற்றுதான். 12 டேபிளுக்கு 12 சுற்று நஷ்டம். டேபிளுக்கு மூன்று பேர் என்றால் 36 பேர் வாசலில் நின்று பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விட்டார்கள் என்று அர்த்தம். துடைக்கும் ஆளைச் சம்பளத்திலும் மரியாதையிலும் கடைசியில் வைப்பது கடைக்கே கேடு.

பார்சல் ஆளை மட்டும் ஹால் வேலைக்கு இழுக்காதீர்கள். "கொஞ்சம் அந்த டேபிளைப் பாருப்பா" என்று அனுப்பிய இரண்டு நிமிடத்தில்தான் சால்னா வைக்காமல் பார்சல் கட்டிப் போயிருக்கும்.

டேபிள் நம்பர் போடுவதில் என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. நம்பரை டேபிள் மேல் ஒட்டாமல் சுவரில் ஒட்டுங்கள். பெரிய குடும்பம் வந்தால் டேபிளை இழுத்துச் சேர்ப்பார்கள். நம்பரும் கூடவே போய்விட்டால் அன்றைக்கு ராத்திரி வரை கே.ஓ.டி, அதாவது கிச்சனுக்குப் போகும் ஆர்டர் சீட்டு, தப்பாகவே போகும். கிச்சன் வாசலில் நின்று பார்த்தால் இடமிருந்து வலமாக வரிசையாக நம்பர் ஓடட்டும். புதிதாக வந்தவருக்கு அரை மணி நேரத்தில் மனப்பாடம் ஆகும்.

நாற்காலிக்கும் நம்பர் வேண்டும். வாசலுக்குப் பக்கத்து நாற்காலி எப்போதும் ஒன்று, அங்கிருந்து கடிகாரச் சுற்றில் இரண்டு, மூன்று, நாலு. ஆர்டர் எடுப்பவர் அந்த வரிசையில் எழுதினால், தட்டைக் கொண்டு வருபவர் வேறு ஆளாக இருந்தாலும் "மட்டன் யாருக்கு?" என்று நாலு பேர் பேச்சை நிறுத்திக் கேட்க வேண்டியதில்லை.

நம்பரைச் சத்தமாகச் சொல்லும்போது எல்லோரும் ஆங்கில எண்ணிலேயே சொல்லட்டும். ஹால் இரைச்சலில் இந்தியில் ஏழும் (சாத்) எட்டும் (ஆட்) ஒன்று போலவே காதில் விழும். "செவன்", "எய்ட்" என்றால் யாருக்கும் குழப்பம் இல்லை.

ஆர்டர் எடுப்பதில் தவறு எங்கே நடக்கிறது?

எழுதும்போது நடப்பது குறைவு. திருப்பிப் படிக்காமல் நகரும்போதுதான் நடக்கிறது. ஒரு ஞாயிறு மதியத்து ஆர்டரைப் பாருங்கள். ஏழாம் டேபிளில் ஐந்து பேர். "ரெண்டு சிக்கன் பிரியாணி, ஒரு மட்டன், ஒரு குஸ்கா, பாப்பாவுக்கு தனித் தட்டு மட்டும், ஒரு சிக்ஸ்டி ஃபைவ், முட்டை எல்லாத்துக்கும்." இந்த ஒரு வாக்கியத்தில் மூன்று சந்தேகம் இருக்கிறது. சிக்ஸ்டி ஃபைவ் எலும்போடா, எலும்பில்லாமலா? உங்கள் கடையில் பிரியாணியோடு முட்டை சேர்ந்தே வருகிறது என்றால், "எல்லாத்துக்கும்" என்றது குஸ்காவுக்கும் சேர்த்து வைக்கச் சொன்னதா, எல்லாவற்றுக்கும் கூடுதலாக ஒன்றா? தனித் தட்டு என்றது வெறும் தட்டா, ஹாஃப் பிரியாணியா? சப்ளையர் தலையாட்டிவிட்டுப் போனால் இவை மூன்றும் பில் வரும்போது சண்டையாகத் திரும்பி வரும்.

எடுத்தவர் நகராமல் நின்று, எண்ணை முதலில் வைத்துத் திருப்பிச் சொல்ல வேண்டும்: "ரெண்டு சிக்கன், ஒரு மட்டன், மூணுலயும் முட்டை வரும். குஸ்காவுக்கு ஒரு முட்டை தனியா, அது பில்லுல வரும். சிக்ஸ்டி ஃபைவ் போன்லெஸ். பாப்பாவுக்குக் காலித் தட்டு. சரியா அண்ணா?" இதற்குப் பத்து விநாடி ஆகும். தப்பாகப் போன மட்டனைத் திருப்பி எடுத்து வேறு வைக்கப் பத்து நிமிடம் ஆகும், தட்டும் நஷ்டம்.

பேச்சு முறை ஒன்றையும் பழக்குங்கள். "என்ன வேணும்?" என்பதைவிட "என்ன சாப்பிடுறீங்க?" நன்றாக இருக்கும். வயதானவரை அம்மா, ஐயா என்றும், மற்றவரை அண்ணா, அக்கா, சார், மேடம் என்றும் கூப்பிடலாம். வாடிக்கையாளரை "ப்ரோ" என்பதை எல்லோரும் ரசிப்பதில்லை.

வாய் ஆர்டரை ஏன் தடுக்க வேண்டும்? பழகிய மாஸ்டர்தானே?

"மாஸ்டர், ஒரு ஹாஃப் பாயில் போட்டுருங்க, அப்புறம் அடிச்சுக்கலாம்." இந்த "அப்புறம்" பாதி நாள் வராது. ஐட்டம் பில்லில் ஏறாது, ஸ்டாக் கணக்கு இடிக்கும், முன்னால் கொடுத்தவர் ஆர்டர் பின்னால் போகும். கடைசியில் சொன்னவருக்கு முதலில் வந்தது என்று பக்கத்து டேபிள்காரர் கோபிப்பதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம்.

விதி எளிது: சீட்டு இல்லாமல் அடுப்பில் எதுவும் ஏறாது. முதலாளி தனக்கு டீ சொன்னாலும் சீட்டோடுதான். அவர் மீறினால் வேறு யாரும் கடைப்பிடிக்க மாட்டார்கள். இரவு கடை சாத்தும்போது கே.ஓ.டி வரிசை எண்ணையும் பில்லையும் ஒப்பிட வேண்டும். விடுபட்ட எண் ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதியிருக்க வேண்டும்: வாடிக்கையாளர் மாற்றினார், தீர்ந்துவிட்டது, தப்பாக அடித்தது. சீட்டு போன பிறகு ஐட்டத்தை அழிக்கும் அதிகாரம் கேப்டனின் ரகசிய எண்ணுக்கு மட்டும். அந்த எண்ணைக் கல்லாவில் ஒட்டி வைத்தால் அது ரகசிய எண் இல்லை. மாதம் ஒருமுறை மாற்றுங்கள்.

ஹாலும் கிச்சனும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்கிறார்கள். எப்படி நிறுத்துவது?

கிச்சன் ஜன்னலில் ஒரே ஆளை நிறுத்துங்கள். கூட்ட நேரத்தில் அது கேப்டன். நாலு சப்ளையரும் தனித்தனியாக "என்னோடது என்னாச்சு?" என்று கேட்டால் மாஸ்டர் எரிந்து விழத்தான் செய்வார். கேள்வி அனைத்தும் கேப்டன் வழியாகப் போகட்டும், பதிலும் அவர் வழியாக வரட்டும். அவர் சீட்டைக் கம்பியில் வரிசையாகக் குத்தி, தட்டு ஜன்னலைத் தாண்டியதும் கோடு போட வேண்டும். டிபனுக்கு 8 நிமிடம், கிரில் தந்தூரிக்கு 20 நிமிடம் என்று கடைக்கு ஏற்ப ஒரு எல்லை வைத்துக்கொண்டு, தாண்டிய சீட்டை மட்டும் கேட்டால் போதும்.

தீர்ந்துபோன ஐட்டம் இன்னொரு பெரிய சண்டைக்கு விதை. கிச்சன் "இல்லை" என்று சொல்வது கடைசித் தட்டு போன பிறகாக இருக்கக் கூடாது. பத்துத் தட்டு மிச்சம் இருக்கும்போதே சொல்ல வேண்டும். அதற்கு அண்டாவில் எத்தனை தட்டு இருக்கும் என்று தெரிய வேண்டும். உங்கள் கரண்டி அளவில் ஒரு கிலோ அரிசி எத்தனை தட்டு வருகிறது என்று ஒரு நாள் உட்கார்ந்து எண்ணி, அதைச் சுவரில் எழுதுங்கள். ஜன்னலுக்கு மேலே ஒரு வெள்ளைப் பலகை, அதில் மூன்று பத்தி: தீரப்போகிறது, தீர்ந்தது, தாமதமாகும். பலகையில் எழுதிய அதே நிமிடம் பில்லிங் மெஷினிலும் அந்த ஐட்டத்தை மூட வேண்டும். இல்லாவிட்டால் டெலிவரி ஆப்பில் ஆர்டர் விழுந்துகொண்டே இருக்கும்.

மீன் கடைகளுக்கு ஒரு வார்த்தை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. காசிமேட்டுக்கு வரத்து குறையும், வஞ்சிரம், வவ்வால் விலை தினமும் மாறும். மெனுவில் "மார்க்கெட் விலை" என்று போட்டிருந்தால், ஆர்டர் எடுக்கும்போதே விலையைச் சொல்வது சப்ளையரின் கடமை. "இன்னைக்கு வஞ்சிரம் பீஸ் இவ்வளவு சார், போடலாமா?" என்று கேட்ட பிறகுதான் சீட்டு. பில்லில் முதல்முறை விலை பார்க்கும் வாடிக்கையாளர் அடுத்த முறை வருவதில்லை.

தமிழ் தெரியாத ஆட்களை ஹாலில் போடலாமா?

போடலாம், பழக்கிவிட்டுப் போட வேண்டும். அசாம், ஒடிசா, பீகார், வங்காளம், நேபாளத்திலிருந்து வந்தவர்கள்தான் இன்று பாதி ஓட்டல்களை ஓட்டுகிறார்கள். முதல் இரண்டு நாள் தண்ணீர், இலை, துடைப்பு. மூன்றாம் நாள் தட்டு கொண்டுபோவது. ஐந்தாம் நாளிலிருந்து அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் நிற்க ஆர்டர். ஏழாம் நாள் இரண்டு டேபிள் மட்டும் தனியாக.

வார்த்தைகளில் முதலில் கற்றுத்தர வேண்டியது ஐட்டம் பெயர் இல்லை, அது மெனுவைப் பார்த்தே வந்துவிடும். "போதும்", "இன்னும் கொஞ்சம்", "காரம் கம்மியா", "ஆறிப்போச்சு", "கட்டிக் குடுங்க", "எவ்வளவு நேரம் ஆகும்?", "சைவம்", "முட்டை கூட வேண்டாம்", "பில் கொண்டாங்க". இந்த ஒன்பதும் தெரிந்தால் ஹாலில் பிழைத்துக்கொள்வார். "போதும்" புரியாமல் சாம்பாரை ஊற்றிக்கொண்டே இருந்தால் வருவது வீண் வாக்குவாதம். "முட்டை கூட வேண்டாம்" புரியாமல் போனால் அது மன்னிக்க முடியாத தவறு.

ஒவ்வொரு ஐட்டத்துக்கும் படம் போட்ட அட்டை ஒன்றைத் தமிழ், இந்தி இரண்டிலும் அச்சடித்துக் கிச்சன் சுவரில் மாட்டுங்கள். அவர் உச்சரிப்பைக் கேட்டு மற்றவர்கள் சிரித்தால் கேப்டன் உடனே நிறுத்த வேண்டும். சிரிப்புக்குப் பயந்தவர் சந்தேகம் கேட்க மாட்டார், ஊகித்துத் தட்டை வைத்துவிடுவார்.

வேலை தொடங்கும் முன் பேசும் கூட்டத்தில் என்ன பேசுவது?

மதிய வேலைக்கு 11.20-க்கு, இரவு வேலைக்கு 6.20-க்கு. பத்து நிமிடம், நின்றபடி. இன்று இல்லாத ஐட்டம், மீன் விலை, முன்பதிவான பெரிய டேபிள், யாருக்கு எந்தப் பகுதி, எந்த மெஷினில் கோளாறு. நேற்றைய புகார் ஒன்றைப் பெயர் சொல்லாமல். பெயர் சொல்லித் திட்டுவது தனியாக, கதவைச் சாத்திவிட்டு.

வாட்ஸப் குரூப் வைத்திருக்கிறோம். ஆனாலும் யாருக்கும் எதுவும் தெரிவதில்லையே?

எல்லாமே அதில் வருவதால்தான். காலை வணக்கப் படத்துக்கு நடுவில் ஷிஃப்ட் மாற்றம் புதைந்துவிடும். வேலைக்கென்று தனிக் குரூப், அதில் கேப்டனும் மேனேஜரும் மட்டும் பதிவிடும்படி அமைத்துவிடுங்கள். வாரப் பட்டியல் வெள்ளி இரவு 9-க்கு, படமாக. படிக்கச் சிரமப்படுபவர்களுக்காக அதையே 30 விநாடிக் குரல் பதிவாகவும் போடுங்கள். லீவு கேட்பது மேனேஜருக்குத் தனியாக. ஆர்டரையோ தீர்ந்த ஐட்டத்தையோ வாட்ஸப்பில் அனுப்பவே கூடாது, ஹாலில் நிற்பவர் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. சிசிடிவி காட்சி, வாடிக்கையாளர் படம், ஊழியரை அவமானப்படுத்தும் படம் எதையும் குரூப்பில் போட அனுமதிக்காதீர்கள்.

எந்தக் கருவியை முதலில் வாங்குவது?

முதலில் பில்லிங் சாஃப்ட்வேரும் கிச்சனில் ஒரு கே.ஓ.டி பிரின்டரும். இரண்டாவது யு.பி.எஸ். மூன்றாவது சப்ளையர் கையில் ஆர்டர் அடிக்க டேப் (டேப்லெட்). க்யூஆர் மெனுவும், சீட்டுக்குப் பதில் ஆர்டரைக் காட்டும் கிச்சன் திரையும் அதற்குப் பிறகு. விற்பனைக்கு வருபவர் தலைகீழாகச் சொல்லுவார், கிச்சன் திரை பார்க்க அழகாக இருக்கும். சீட்டு ஒழுங்கு இல்லாத கடையில் திரை வைத்தால், முடிந்த ஆர்டரை யாரும் தட்டி மூட மாட்டார்கள். ஒரு மணி நேரத்தில் 40 ஆர்டர் சிவப்பாக நிற்கும், பிறகு யாரும் அதைப் பார்க்கவே மாட்டார்கள்.

சாஃப்ட்வேர் வாங்கும்போது ஒரு சோதனை செய்யுங்கள். அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடையில், மேலே போடும் மொறுமொறு பேஜோவோடு ஒருவர் கேட்பதுபோல ஆர்டர் சொல்லிப் பாருங்கள்: "ஒரு அத்தோ, முட்டை போட்டு, வெங்காயம் தூக்கலா, காரம் கம்மி, பேஜோ நொறுக்காம தனியா." இதை மூன்று நாலு தட்டலில் அடிக்க முடிந்து, கே.ஓ.டியில் ஒவ்வொன்றும் தனி வரியில் பெரிய எழுத்தில், தமிழில் வந்தால் நல்ல சாஃப்ட்வேர். ஒவ்வொரு முறையும் டைப் அடிக்க வேண்டும் என்றால் கூட்டத்தில் யாரும் அடிக்க மாட்டார்கள், வாய் ஆர்டர் திரும்ப வந்துவிடும். நெட் போனால் பில் அடிக்குமா என்பதையும் கேபிளைப் பிடுங்கிவிட்டுப் பாருங்கள், வாய்ப் பேச்சை நம்ப வேண்டாம்.

கே.ஓ.டி பிரின்டர் அடிக்கடி மக்கர் பண்ணுகிறது. ஏன்?

இதில்தான் அதிகப் பேர் மாட்டுகிறார்கள், அதனால் விரிவாகவே சொல்கிறோம்.

சீட்டு முழுக்கக் கறுத்து வருகிறதா? தெர்மல் தாளில் மை கிடையாது, சூடு பட்டால் கறுக்கும் பூச்சுதான். பரோட்டாக் கல்லுக்கோ தந்தூரி அடுப்புக்கோ பக்கத்தில் பிரின்டர் இருந்தால், அடித்த சீட்டு கம்பியில் தொங்கும்போதே கறுத்து எழுத்து மறைந்துவிடும். அடுப்பிலிருந்து குறைந்தது இரண்டு மீட்டர் தள்ளி வையுங்கள். இடமே இல்லை என்றால் ரிப்பன் போட்ட டாட் மேட்ரிக்ஸ் கிச்சன் பிரின்டர் வாங்குங்கள். சாதாரணத் தாள், சூட்டுக்குக் கறுக்காது, அடிக்கும் சத்தமே மாஸ்டரைத் திரும்பிப் பார்க்க வைக்கும்.

தாள் வெறுமையாக வருகிறதா? ரோலைத் திருப்பிப் போட்டிருப்பார்கள். பூச்சு ஒரு பக்கம்தான். நகத்தால் கீறிப் பாருங்கள், கறுப்புக் கோடு விழும் பக்கம் பிரின்டரின் தலையைப் பார்க்க வேண்டும். எழுத்து நடுவில் வெள்ளைக் கோடாக விடுகிறது என்றால் தலையில் அழுக்கு. அணைத்து, ஆறவிட்டு, ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் வாரம் ஒருமுறை துடையுங்கள்.

நேற்று வரை அடித்தது, இன்று காலையில் அடிக்கவில்லை. கரண்ட் போய் வந்ததும் ரவுட்டர் பிரின்டருக்கு வேறு ஐ.பி எண் (நெட்வொர்க்கில் அதன் முகவரி) கொடுத்திருக்கும். பில்லிங் மெஷின் பழைய எண்ணுக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். பெரும்பாலான பிரின்டர்களில் ஃபீட் பட்டனை அழுத்திப் பிடித்தபடி சுவிட்ச் போட்டால் சோதனைச் சீட்டு அடிக்கும், அதில் இப்போதைய எண் இருக்கும். நிரந்தரத் தீர்வு, ரவுட்டர் தானாகப் பங்கிடும் எண்களுக்கு வெளியே உள்ள ஓர் எண்ணைப் பிரின்டருக்கு நிலையாகக் கொடுத்து, அதை ஒரு ஸ்டிக்கரில் எழுதிப் பிரின்டர் மேலேயே ஒட்டுவது.

வைஃபை பிரின்டரைவிட லேன் கேபிள் நம்பகமானது. ராயபுரம், காசிமேடு, எண்ணூர் போலக் கடல் காற்று அடிக்கும் இடங்களில் கேபிள் முனையின் செம்புப் பகுதி பச்சை பூத்து, பிரின்டர் விட்டுவிட்டு வேலை செய்யும். சாஃப்ட்வேர்க்காரரைக் கூப்பிடும் முன் முனையைக் கழற்றிப் பாருங்கள். கையில் எப்போதும் ஒரு மாற்றுக் கேபிளும் ஒரு மாற்று அடாப்டரும் இருக்கட்டும்.

டேப்பில் ஆர்டர் எடுப்பது நல்லதா, நோட்டில் எழுதுவதா?

கிச்சன் தூரமாகவோ மாடியிலோ இருந்தால் டேப் நன்றாக உதவும், நடை மிச்சம். எட்டு டேபிள் கடைக்குத் தேவையே இல்லை. டேப் வாங்கினால் ஒவ்வொருவருக்கும் தனி லாகின் வேண்டும், "சப்ளையர் 1" என்று பொதுப் பெயரில் எல்லோரும் அடித்தால் யார் தவறு என்று கண்டுபிடிக்க முடியாது. வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் வைஃபையும் கடை வேலை நடக்கும் வைஃபையும் வேறு வேறாக இருக்கட்டும். ரவுட்டரை மைக்ரோவேவ் பக்கத்தில் வைக்காதீர்கள், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரண்டும் மோதும். டேப்பைப் பார்த்துக்கொண்டே பேசுவது வாடிக்கையாளருக்குப் பிடிக்காது. கேட்டு முடித்து, முகத்தைப் பார்த்துத் திருப்பிச் சொல்லிவிட்டு, பிறகு அனுப்பட்டும்.

க்யூஆர் மெனு மட்டும் போதுமா?

போதாது. வயதானவர்கள், குடும்பத்தோடு வருபவர்கள், சார்ஜ் தீர்ந்தவர்கள் எல்லோருக்கும் அச்சு மெனு வேண்டும். இரண்டு டேபிளுக்கு ஒன்று என்றாவது வையுங்கள்.

யு.பி.ஐ. பணம் வந்ததா என்று எதை வைத்து நம்புவது?

வாடிக்கையாளர் காட்டும் பச்சை டிக்கையோ ஸ்கிரீன்ஷாட்டையோ வைத்து நம்பவே கூடாது. அதைப் போலியாகக் காட்டும் ஆப்கள் உண்டு. கல்லாவில் சவுண்ட் பாக்ஸ் சொல்ல வேண்டும், அல்லது கடையின் மெர்ச்சண்ட் ஆப்பில் தொகை தெரிய வேண்டும். கூட்டத்தில் ஒரே தொகை இரண்டு பேர் கட்டுவார்கள், அப்போது 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணின் கடைசி நாலைப் பில்லில் எழுதிக்கொண்டால் இரவுக் கணக்கு இடிக்காது. தொகை தானாக விழும் க்யூஆரைப் பில்லிலேயே அச்சடிக்க முடிந்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும்.

ஒட்டியிருக்கும் க்யூஆர் மேல் வேறு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போகும் மோசடியும் உண்டு. தினமும் கடை திறந்ததும் ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்து கடைப் பெயர் வருகிறதா என்று பார்ப்பது துடைப்பது போல ஒரு வேலையாகவே இருக்கட்டும். சப்ளையர் தன் சொந்த ஃபோனில் பணம் வாங்குவதை எந்த அவசரத்திலும் அனுமதிக்காதீர்கள்.

பணம் போய்விட்டது, கடைக்கு வரவில்லை என்றால் வாடிக்கையாளரைத் திருடனைப் போல நடத்தாதீர்கள். ரிசர்வ் வங்கியின் 2019 உத்தரவுப்படி, கடைக்குச் செலுத்தும் யு.பி.ஐ பணம் சிக்கிக்கொண்டால் 5 நாளுக்குள் வங்கி தானாகத் திருப்ப வேண்டும், தாமதித்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. அதைச் சொல்லி, வேறு வழியில் கட்டச் சொல்லுங்கள். முடியாவிட்டால் பெயரும் ஃபோன் எண்ணும் வாங்கிக்கொண்டு அனுப்புங்கள்.

ஸ்விக்கி, ஸொமேட்டோ ஆர்டர் வந்தால் ஹால் தடுமாறுகிறதே?

பார்சலுக்குத் தனிப் பிரின்டர், தனி மேஜை, டெலிவரித் தம்பிகள் நிற்கக் கல்லாவை மறைக்காத இடம், குடிக்கத் தண்ணீர். ஞாயிறு 12.45 முதல் 2 வரை ஆப்பில் மெனுவைச் சுருக்கிவிடுங்கள், பிரியாணி வகை மட்டும் இருக்கட்டும், தந்தூரி வேண்டாம். கணக்கில் ஒன்று கவனிக்க: 2022 ஜனவரி 1 முதல் இந்த ஆப் வழி உணவுக்கான ஜி.எஸ்.டியை ஆப் நிறுவனமே கட்டுகிறது. ஹால் விற்பனையோடு கலந்து நீங்களும் கட்டிவிடாதபடி பில்லிங்கில் தனித் தலைப்பாக வையுங்கள்.

சர்வீஸ் சார்ஜ் போடலாமா? டிப்ஸை எப்படிப் பிரிப்பது?

பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் அப்படி வழிகாட்டுதல் வெளியிட்டது, தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. காம்பொசிஷன் திட்டத்தில் (சிறு கடைகளுக்கான எளிய ஜி.எஸ்.டி முறை) இருக்கும் கடை வாடிக்கையாளரிடம் ஜி.எஸ்.டியும் வாங்கக் கூடாது. மற்றவர்களுக்கு வழக்கமான 5 சதவீதத்தில் 2.5 மத்திய அரசுக்கு, 2.5 மாநிலத்துக்கு. யார் கேட்டாலும் சப்ளையர் இதைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

டிப்ஸை ஒரே உண்டியலில் போட்டுப் புள்ளி முறையில் பிரிப்பது நியாயம். சப்ளையருக்கு 3 புள்ளி, துடைப்பவருக்கும் பார்சல்காரருக்கும் 2. நாலு சப்ளையர், இரண்டு துடைப்பவர், இரண்டு பார்சல் என்றால் மொத்தம் 20 புள்ளி. அன்று 2,400 ரூபாய் சேர்ந்தால் புள்ளிக்கு 120. சப்ளையருக்கு 360, மற்றவருக்கு 240. யு.பி.ஐயில் வந்த டிப்ஸ் கடைக் கணக்கில் தங்கிவிடும், அதைத் தனியே எழுதி வாரம் ஒருமுறை கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிடுங்கள். முதலாளி அதில் கை வைத்தார் என்ற பேச்சு ஒருமுறை வந்துவிட்டால் நல்ல ஆள் நிற்க மாட்டார்.

வாடிக்கையாளர் சத்தம் போட்டால் சப்ளையர் என்ன செய்ய வேண்டும்?

முழுக்கக் கேட்க வேண்டும், தட்டை எடுக்க வேண்டும், காரணம் சொல்லக் கூடாது. 200 ரூபாய்க்குள் உள்ள ஐட்டத்தை யாரையும் கேட்காமல் மாற்றித்தரும் உரிமையைச் சப்ளையருக்கே கொடுங்கள். அதற்கு மேல் கேப்டன். முடி, பூச்சி, கெட்ட வாடை என்றால் வாக்குவாதமே இல்லை, அந்த ஐட்டம் பில்லில் வராது, கிச்சனில் அதே அண்டாவை உடனே பார்க்க வேண்டும். குடித்துவிட்டுத் தகராறு செய்பவரிடம் இளையவரை அனுப்பாதீர்கள், இருவராகப் போங்கள், மிரட்டினால் 112. பெண் ஊழியரிடம் யாராவது தவறாக நடந்தால் அவரை அந்த டேபிளிலிருந்து உடனே விலக்கி, அந்த ஆளைக் கேப்டன் வெளியே அனுப்ப வேண்டும். விற்பனை போகிறதே என்று பார்க்கக் கூடாது.

ஆட்கள் நிற்பதே இல்லை. என்ன செய்ய?

சம்பளத் தேதி, வார விடுப்பு, உட்கார இடம். இந்த மூன்றையும் சரிசெய்யாமல் வேறு எதையும் பேசிப் பயனில்லை. ஏழாம் தேதிக்குள் சம்பளம். வாரம் ஒரு நாள் விடுப்பு, ஞாயிறு தர முடியாவிட்டால் முன்கூட்டியே சொன்ன வேறொரு நாள். கடை ஊழியர்களுக்கு உட்காரும் வசதி தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டத் திருத்தம் வந்துவிட்டது. கூட்டம் இல்லாத 3.30 மணிக்கும் ஆள் சுவரில் சாய்ந்து நிற்க வேண்டியதில்லை.

பத்துப் பேர் வேலை செய்தால் இ.எஸ்.ஐ. (ஊழியர் மருத்துவக் காப்பீடு) கட்டாயம். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளக்காரருக்குப் பொருந்தும், ஊழியர் பங்கு 0.75 சதவீதம், கடைப் பங்கு 3.25. பத்துப் பேர் இருந்தால் பாலியல் தொல்லைப் புகாருக்கான உள்குழுவும் கட்டாயம். 14 வயதுக்குக் கீழே யாரையும் எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது, சொந்தக்காரப் பையன் என்று சொன்னாலும் ஆதார் பாருங்கள். உணவைத் தொடுபவர்களுக்கு ஆண்டுதோறும் மருத்துவச் சான்று வேண்டும்.

பட்டியல் போடும்போது ஊரின் நாட்காட்டியைப் பாருங்கள். புரட்டாசியில் அசைவக் கடை மந்தம், ஊருக்குப் போக வேண்டியவர்களுக்கு அப்போது நீண்ட விடுப்பு கொடுத்துவிடலாம். ரமலானில் மண்ணடிப் பக்கம் வியாபாரம் இரவுக்கு மாறும். நோன்பு இருக்கும் ஊழியருக்கு நோன்பு திறக்கும் நேரத்தில் 20 நிமிடம் விட்டு, அந்த இடைவெளிக்கு வேறு ஆளை முன்பே எழுதி வையுங்கள்.

மழை, கரண்ட் கட். மெஷின் எல்லாம் நின்றால்?

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வடசென்னையில் பல தெருக்களில் நாட்கணக்கில் கரண்ட் இல்லை. ரவுட்டர், பில்லிங் கம்ப்யூட்டர், யு.பி.எஸ் மூன்றையும் தரையிலிருந்து நாலடி உயரத்தில் வையுங்கள். யு.பி.எஸ்ஸில் கம்ப்யூட்டரை மட்டும் செருகிவிட்டு ரவுட்டரையும் கிச்சன் பிரின்டரையும் மறந்துவிடுவார்கள். மூன்றும் அதில் இல்லாவிட்டால் திரை மட்டும் எரிந்து என்ன பயன்?

கல்லா இழுப்பறையில் எண் அச்சடித்த, கார்பன் வைத்த மூன்று கே.ஓ.டி நோட்டு, ஒரு பில் நோட்டு, விலைப்பட்டியல் அச்சு, கால்குலேட்டர், டார்ச், 2,000 ரூபாய்க்குச் சில்லறை நோட்டு. மாதம் ஒரு செவ்வாய் மதியம் அரை மணி நேரம் மெஷினை அணைத்துவிட்டு நோட்டிலேயே ஓட்டிப் பாருங்கள், புதியவர்களுக்கு அப்போதுதான் வரும். கரண்ட் வந்ததும் நோட்டுச் சீட்டுகளை எண் வரிசையில் ஒருவரே உட்கார்ந்து மெஷினில் ஏற்ற வேண்டும். ஏற்றும்போது கிச்சன் பிரின்டரை அணைத்து வையுங்கள், இல்லையென்றால் சாப்பிட்டுப் போனவர்கள் ஆர்டரை மாஸ்டர் மறுபடி சமைப்பார். ஏற்றி முடித்ததும், பிரின்டரைத் திரும்பப் போடும் முன் காத்திருக்கும் பட்டியலைச் சாஃப்ட்வேரில் அழித்துவிடுங்கள்.